எலா சீமாட்டியின் புல்வெளி

1232ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் காலையில், தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றை ஒட்டிய 'நத்தைப் புல்வெளி' என்னும் தாழ்நிலத்தில், எலா என்ற சாலிஸ்பரிச் சீமாட்டி ஒரு கன்னியர் மடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அன்று பிற்பகலே அங்கிருந்து சோமர்செட் மாவட்டத்திலுள்ள ஹின்டனுக்குச் சென்று, கார்த்தூசியத் துறவியருக்கான மற்றொரு மடத்துக்கும் அடிக்கல் நாட்டினார் என்று மடத்தின் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கணவரை இழந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன, அவருக்கு வயது ஏறத்தாழ 45, பிள்ளைகள் பலர். இரண்டு மடங்களுக்கும் வேண்டிய நிலத்தை அவர் யாரிடமும் கேட்டுப் பெறவில்லை. அது அவருடைய சொந்த நிலம்.

அந்தப் புல்வெளியில் எழுந்த மடம்தான் இன்று லேகாக் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வந்து பார்க்கும் இடம். வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, உலகில் இன்று நம் கையில் எஞ்சியிருக்கும் புகைப்பட எதிர்மறைப் படங்களில் (நெகட்டிவ்) மிகப் பழையது 1835இல் இந்த வீட்டில்தான் எடுக்கப்பட்டது. மற்றொன்று, மடத்தின் வாசலை ஒட்டியுள்ள கிராமம் தன் பழைய தோற்றத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதால், பழங்காலக் கதைகளைப் படமெடுக்கும் குழுவினர் அடிக்கடி அங்கே முகாமிடுகிறார்கள். இரண்டும் உண்மையான சிறப்புகளே, நான் மறுக்கவில்லை. ஆனால் பருவங்கள் மாற மாற அந்த இடத்துக்குப் போய்வரும் எனக்கு, அந்த வீட்டையும் அதைச் சுற்றிய வயல்களையும் குன்றையும் ஆற்றையும் புரியவைப்பது அங்கே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கன்னியர்தான். நிலம், சட்டம், கணக்கு, கம்பளி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தை நடத்திய பெண்கள் அவர்கள். அவர்களைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எலாவின் கதையிலிருந்து தொடங்குவதே முறை. 1196இல் தந்தை இறந்தபோது அவர் சிறுமி; ஆனால் பெரும் நிலத்துக்கு ஒரே வாரிசு. அப்படிப்பட்ட சிறுமிகளை யாருக்கு மணமுடித்துக் கொடுப்பது என்பதை அந்தக் காலத்தில் அரசனே முடிவு செய்தான். உறவினர்கள் அவரை நார்மண்டியில் ஒளித்து வைத்தார்கள் என்றும், ஒரு வீரன் யாத்திரிகனாகவும் பாடகனாகவும் வேடமிட்டுத் தேடி அலைந்து அவரைக் கண்டுபிடித்து மீட்டு வந்தான் என்றும் மடத்தில் வழங்கிய ஒரு கதை உண்டு. கதை எப்படியிருப்பினும், முதலாம் ரிச்சர்டு அரசன் அவரைத் தன் தாய் வேறான தம்பியும் இரண்டாம் ஹென்றியின் சட்டபூர்வமற்ற மகனுமான வில்லியம் லாங்கெஸ்பேக்கு மணமுடித்துக் கொடுத்தான் என்பது வரலாறு. எலாவின் கைப்பிடித்ததால்தான் வில்லியம் சாலிஸ்பரிப் பிரபு ஆனார். பட்டமும் நிலமும் பெண்ணின் வழி வந்தவை.

1225இல் பிரான்சின் கேஸ்கனிப் பகுதியிலிருந்து திரும்பும் வழியில் வில்லியத்தின் கப்பல் புயலில் சிக்கியது. அவர் இறந்துவிட்டார் என்றே ஊர் பேசியது. அப்போது நாட்டின் தலைமை நீதி அதிகாரியாக இருந்த ஹியூபர்ட் டி பர்க் என்பவர், தம் உறவினர் ஒருவருக்கு எலாவை மணமுடிக்க விரும்பிப் பெண் கேட்டு அனுப்பினார். கணவர் உயிரோடிருப்பதாகத் தமக்குச் செய்தி வந்திருக்கிறது என்று சொல்லி எலா மறுத்துவிட்டார். வில்லியம் உண்மையிலேயே திரும்பி வந்தார்; ஆனால் 1226 மார்ச்சில் இறந்துபோனார். அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த சாலிஸ்பரிப் பேராலயத்தில் முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டவர் அவரே. அதன் பிறகு எலா மறுமணம் செய்துகொள்ளவில்லை. தம் கணவர் வகித்த வில்ட்ஷயர் மாவட்ட ஷெரிப் பதவியைத் தாமே ஏற்றார். 1227இலும் பின்னர் 1231 முதல் 1237 வரையிலும் அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஷெரிப் என்பது அன்று அலங்காரப் பதவி அல்ல. மாவட்டத்தில் அரசனுக்குச் சேர வேண்டிய வருவாயைத் திரட்டுவதும், நீதிமன்றத்தைக் கூட்டுவதும், அரசாணைகளை நிறைவேற்றுவதும் ஷெரிப்பின் வேலை. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண் அதைச் செய்தார் என்பதே போதுமான செய்தி. ஆனால் அதோடு ஓர் ஆவணமும் சேர்ந்துகொள்கிறது.

1215இல் ஜான் அரசன் முத்திரையிட்ட, அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த மேக்னா கார்ட்டா சாசனத்தைப் பலரும் அறிவார்கள். அது சில வாரங்களிலேயே செல்லாததாக்கப்பட்டது. இங்கிலாந்தின் சட்டமாக நிலைபெற்றது, மூன்றாம் ஹென்றி 1225இல் வெளியிட்ட திருத்திய வடிவம். அதன் படிகள் மாவட்டந்தோறும் அனுப்பப்பட்டன. வில்ட்ஷயருக்கு வந்த படி, அரசனின் பச்சை மெழுகு முத்திரையோடு, லேகாக் மடத்தில் பாதுகாக்கப்பட்டு, மடம் கலைக்கப்பட்ட பிறகும் அந்த வீட்டிலேயே இருந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் லண்டனுக்குச் சென்றது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கணவனை இழந்த எந்தப் பெண்ணும், அவள் மணமின்றி வாழ விரும்பும் வரையில், மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அந்தச் சாசனத்தின் விதிகளில் ஒன்று. கட்டாய மணத்தின் விளிம்புவரை கொண்டுசெல்லப்பட்டு, அதைத் தட்டிக்கழித்து, தன் நிலத்தில் ஒரு வீட்டைக் கட்டிய பெண்ணின் மடத்தில் அந்த விதியைத் தாங்கிய தோல் ஏடு நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம், வீட்டின் மற்ற பெருமைகள் எனக்குச் சற்றுப் பின்னால் போய்விடுகின்றன.

எலா தேர்ந்தெடுத்தது அகுஸ்தினார் ஒழுங்கு, அதாவது புனித அகுஸ்தினார் பெயரால் வழங்கும் துறவு விதிகள். சிஸ்டெர்சியத் துறவியர் சபை இனிப் புதிய பெண்கள் மடங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை என்று 1228இல் முடிவெடுத்திருந்தது. அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1230களின் இறுதியில் தாமே துறவாடை அணிந்தார். சில ஆண்டுகளில் மடத்தலைவியானார். 1257இல் பொறுப்பிலிருந்து விலகி, 1261 ஆகஸ்டில் இறந்து, மடத்தின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஷெரிப்பாக இருந்து கற்ற நிர்வாகம் மடத்தலைவிக்குப் பயன்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனெனில் அந்த இருபது ஆண்டுகளில் லேகாக் மடத்துக்கு வந்து சேர்ந்தவற்றைப் பார்த்தால், ஒரு வீடு நிலைக்க என்னென்ன வேண்டும் என்பதை நன்றாக அறிந்த ஒருவர் திசைக்கு ஒன்றாகத் திரட்டியதைப் போலவே இருக்கிறது.

அதை உணர ஊரின் கிடப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். லேகாக் சிப்பன்ஹாம் நகருக்குத் தெற்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், களிமண் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் ஏவன், மடத்தின் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வளைந்து மெல்க்‌ஷாமுக்கும், அங்கிருந்து பாத், பிரிஸ்டல் நகரங்களுக்கும் போகிறது. ஆற்றுக்கு அப்பால், கிழக்கே, பௌடன் குன்று எழுகிறது. மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து கார்ஷாம், பாக்ஸ் ஊர்களின் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அடைகிறது. தெற்கே ஒரு காலத்தில் மெல்க்‌ஷாம் காடு, அரசனின் வேட்டைக்காடாகப் பரந்திருந்தது.

கட்டடத்துக்குக் கல் மேற்கிலிருந்து வந்தது. பாக்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ஹேசல்பரியில் மடத்துக்குச் சொந்தமாகக் கல்குவாரி இருந்தது. வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டபின் கடினமாகவும் மாறும், தேன் நிறத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் இடைப்பட்ட அந்தக் கல்தான் பாத் நகரத்தையே பின்னாளில் கட்டியெழுப்பியது. விறகும் மரமும் தெற்குக் காட்டிலிருந்து வந்தன. வாரந்தோறும் வண்டி விறகு எடுக்கும் உரிமையை அரசன் கொடுத்திருந்தான். 1260இல் அந்த உரிமைக்கு மாற்றாக 40 ஏக்கர் காடே மடத்துக்குக் கிடைத்தது. வடகிழக்கே நேஷ் குன்றில் 13ஆம் நூற்றாண்டுக் குயவர்களின் சூளைகள் அகழாய்வில் வெளிப்பட்டிருக்கின்றன. குடிநீருக்குப் பௌடன் குன்றின் ஊற்றுகள். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு மேட்டிலிருந்து நீரைக் கொண்டுவருவதற்குக் கட்டிய சிறிய கல்மாடம் ஒன்று, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, குன்றின் சரிவில் இன்றும் நிற்கிறது. ஆற்றங்கரைப் புல்வெளியோ ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கி வண்டல் படிந்து, வைக்கோலுக்கும் மேய்ச்சலுக்கும் வற்றாத வளமாக இருந்தது. இன்றும் மழைக்காலத்தில் ஏவன் கரையேறும். ஊரிலிருந்து குன்றுக்குப் போகும் சாலை பல வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் வழியாக வயல்களைக் கடக்கிறது. வெள்ள நாளில் அந்தப் பாலத்தில் நின்று பார்த்தால், இவ்வளவு நீளமான பாலம் எதற்கு என்ற கேள்வியே எழாது.

இவை பக்கத்து நிலங்கள். மடத்தின் வருவாய் இன்னும் தொலைவிலிருந்து வந்தது. வடக்கே கோட்ஸ்வோல்ட்ஸ் மேட்டில் ஹேதரப், தெற்கே வைலி ஆற்றங்கரையில் பிஷப்ஸ்ட்ரோ, சாலிஸ்பரிச் சமவெளியின் சுண்ணாம்பு மேட்டில் சிட்டர்ன் என்று பல ஊர்களில் அதற்கு நிலம் இருந்தது. கோட்ஸ்வோல்ட்ஸும் சாலிஸ்பரிச் சமவெளியும் செம்மறி ஆட்டுக்குப் பேர்போன நாடுகள். அக்காலத்து இங்கிலாந்தின் செல்வம் ஆட்டின் முதுகிலேயே வளர்ந்தது. அந்தக் கம்பளி கடல் கடந்து, இன்றைய பெல்ஜியப் பக்கத்துப் பிளாண்டர்ஸ் நகரங்களின் தறிகளுக்குப் போனது. மடத்தின் குளிர்காயும் அறையில் இன்று வைக்கப்பட்டிருக்கும் மாபெரும் வெண்கலக் கொப்பரையைப் பார்க்கும்போது இந்த வணிகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதன் மேல் விளிம்பை ஒட்டி, மெக்கலன் நகரத்துப் பீட்டர் வாகெவன்ஸ் 1500ஆம் ஆண்டில் தன்னை வடித்ததாகக் கொப்பரையே சொல்வதுபோல எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. மெக்கலன் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது. இங்கிருந்து கம்பளி போன திசையிலிருந்தே கொப்பரை வந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குளிர்காயும் அறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு மடம் முழுவதிலும் மிக நெருக்கமான இடம் அதுதான். சமையலறையையும் நோயாளர் அறையையும் தவிர்த்தால், கன்னியர் நெருப்பின் அருகே அமர உரிமை பெற்ற ஒரே இடம் அது. நள்ளிரவுக்குப் பின் எழுந்து ஆலயத்தில் வழிபாடு, விடியலில் மீண்டும் வழிபாடு, பகலில் மணிக்கணக்கு வைத்து வழிபாடு என்று நாளெல்லாம் கல்தரையில் நின்று பாடிய பெண்கள், டிசம்பர் மாதத்தில் விரல்கள் விறைத்து வந்து கை நீட்டியிருக்கக்கூடிய அடுப்பு அங்கே இருந்தது. அதை அடுத்துச் சபைக்கூடம். ஒவ்வொரு நாளும் அங்கே கூடி, ஒழுங்கின் ஒரு பகுதியை வாசித்து, குற்றங்குறைகளை ஏற்றுத் திருத்தி, மடத்தின் வரவு செலவையும் பேசுவார்கள். அதற்கும் அடுத்து, ஆலயப் பொருள்களைக் காக்கும் அறை. மூன்றும் சதுர முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. முற்றத்தைச் சுற்றி ஓடும் நடைக்கூடத்தின் கல்விதானம் 15ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. வளைவுகள் கூடும் இடங்களில் முகங்களும் விலங்குகளும் மலர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கத் தகுந்தவை அவை. எலாவின் பெயர் பொறித்த கல்லும் இந்த முற்றப் பகுதியில்தான் கிடக்கிறது.

மடம் ஊரையும் வளர்த்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே வாரச் சந்தைக்கும் ஆண்டுச் சந்தைக்கும் அரசனிடம் உரிமை பெற்றார்கள். சந்தை வந்ததும் நெசவாளரும் வணிகரும் வந்தார்கள். நான்கு தெருக்கள் சதுரமாகச் சுற்றிவரும் கிராமத்தின் அமைப்பு அந்தக் காலத்தது. குறுக்கே வளைந்த மரத்தூண்களால் தாங்கப்பட்ட பழைய வீடு ஒன்றும், மடத்துக்குச் சேர வேண்டிய விளைச்சலைக் கொட்டி வைத்த 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. அந்தக் களஞ்சியத்தின் கூரையைத் தாங்கும் வளைமரங்களின் கீழ் நின்றால், எத்தனை வண்டித் தானியம் ஆண்டுக்கு உள்ளே வந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஊராருக்கு இது எப்போதும் மகிழ்ச்சியாக இருந்திருக்காது. நில உரிமையாளர் துறவியாக இருந்தாலும் உரிமையாளர்தான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறவனுக்குக் களஞ்சியத்தின் அழகு தெரிந்திருக்குமா என்பது ஐயமே. மடத்தைப் போற்றும்போது இதையும் மறக்கக் கூடாது.

1535 ஆகஸ்டில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் அனுப்பிய ஆய்வாளர்களில் ஒருவரான ஜான் ஆப் ரைஸ் லேகாக் வந்தார். மடங்களில் குறை தேடுவதற்கென்றே அனுப்பப்பட்டவர். இங்கே சொல்லும்படியான குறை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை வியப்பில் ஆழ்த்தியது ஒன்று. இந்தக் கன்னியர் தங்கள் ஒழுங்கு நூலைப் பிரெஞ்சு மொழியில் வைத்திருந்தார்கள். அதை நன்றாகப் புரிந்துகொண்டு தேர்ச்சியோடு பயன்படுத்தினார்கள். அது அன்றைய பிரெஞ்சு அல்ல, சட்ட நூல்களில் உறைந்துபோன பழைய பிரெஞ்சு என்று அவர் குரோம்வெல்லுக்கு எழுதினார். எலாவின் தலைமுறை பேசிய மொழியை, நாட்டில் வழக்கறிஞரைத் தவிர மற்றவர் மறந்துவிட்ட பிறகும், இந்தப் பெண்கள் முந்நூறு ஆண்டுகள் வாய்வழியாகவும் ஏட்டு வழியாகவும் காத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, ஆண்டு வருவாய் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களையெல்லாம் மூடும் சட்டம் வந்தது. லேகாக்கின் நிகர வருவாய் 168 பவுண்டு. அப்போது அங்கே 14 கன்னியரும் பயிற்சியிலிருந்த மூவரும் இருந்தார்கள். அனைவரும் துறவு வாழ்விலேயே தொடர விரும்புவதாகச் சொன்னார்கள் என்று அரசின் ஆணையர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மடம் 300 பவுண்டு அபராதம் செலுத்தி விலக்குப் பெற்றது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு வருவாயைக் கொடுத்து அவர்கள் வாங்கியது இரண்டு ஆண்டு அவகாசம் மட்டுமே. 1539 ஜனவரி 21ஆம் நாள் கடைசி மடத்தலைவி ஜோன் டெம்ஸ் மடத்தை அரசனிடம் ஒப்படைத்தார். அவருக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு ஓய்வூதியம். மற்றவர்களுக்கு மிகச் சிறிய தொகைகள். அவர்கள் எங்கே போனார்கள், யார் வீட்டுத் திண்ணையில் மீதி வாழ்நாளைக் கழித்தார்கள் என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை. அவர்களது நூல்களில் ஒன்று மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது: விவிலியத்தின் கடினமான சொற்களுக்குப் பொருள் கூறும் வில்லியம் பிரிட்டோவின் லத்தீன் நூலின் கையெழுத்துப் படி.

வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன். 1540இல் 783 பவுண்டுக்கு மடமும் நிலமும் அவர் கைக்கு வந்தன. பின்னர் பிரிஸ்டல் நாணயச்சாலையின் பொறுப்பில் அமர்ந்து, நாணயத்தில் மோசடி செய்து பணம் சேர்த்தார். 1549இல் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, இழந்த நிலத்தைப் பணம் கொடுத்தே மீட்டார். கலை அறிவு உள்ளவர். ஆற்றைப் பார்த்த மூலையில் அவர் எழுப்பிய எண்கோணக் கோபுரம் அழகானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல மடங்களை வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இடித்துக் கல்லாக விற்றபோது, அவர் முற்றத்தையும் நடைக்கூடத்தையும் கீழ்த்தள அறைகளையும் அப்படியே விட்டு, மேல்தளத்தில் குடியேறினார். அதனால்தான் இங்கிலாந்தில் மிக நன்றாக எஞ்சியிருக்கும் கன்னியர் மடங்களில் ஒன்றாக லேகாக் விளங்குகிறது. ஆனால் ஆலயத்தை அவர் இடித்தார். சமைத்த இடம், உண்ட இடம், உறங்கிய இடம், நெருப்பில் கை காட்டிய இடம் எல்லாம் வீட்டுக்கு உதவின. எதற்காக அந்தப் பெண்கள் அங்கே கூடினார்களோ அந்த இடம் மட்டும் எவருக்கும் வேண்டாததாகிவிட்டது. முற்றத்தின் தெற்கே நீண்டு கிடந்த அந்த ஆலயத்தில் மிஞ்சியது அதன் வடசுவர் மட்டுமே. அது இப்போது வீட்டின் தென்சுவர்.

பிறகு வந்த டால்போட் குடும்பத்தின் இரண்டு நூற்றாண்டுகளை நான் விரைவாகக் கடக்கிறேன். 1750களில் கட்டிய கோதிக் பாணி வரவேற்பு மண்டபம் பலருக்குப் பிடிக்கும்; எனக்கு அதில் மனம் நிற்பதில்லை. 1827இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் இங்கே வந்து குடியேறினார். தெற்குக் கூடத்தில் வெளியே துருத்தி நிற்கும் சாளரங்களை அமைத்தவர் அவர். கணிதமும் தாவரவியலும் பழைய மொழிகளும் கற்றவர். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் காட்சியைப் பென்சிலால் வரைய முயன்று கை வராமல் போனபோது, ஒளியையே தாளில் நிலைக்கச் செய்ய முடியாதா என்று எண்ணினார். உப்பும் வெள்ளிச் சேர்மமும் பூசிய தாளைச் சிறிய மரப்பெட்டிகளுக்குள் வைத்து வீட்டின் மூலைகளில் அங்கங்கே நிறுத்திவைத்தார். அந்தப் பெட்டிகளை எலிப்பொறி என்று அழைத்தவர் அவருடைய மனைவி கான்ஸ்டன்ஸ்; 1839இல் அவரே படமெடுக்கவும் முயன்றார்; உலகின் முதல் பெண் புகைப்படக்காரர் என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. 1835 ஆகஸ்டில் தெற்குக் கூடத்தின் நடுச்சாளரம் ஒரு தபால்தலையை விடச் சற்றே பெரிய தாளில் பதிந்தது. பதிந்த புதிதில் சாளரத்தின் ஏறக்குறைய 200 கண்ணாடிச் சதுரங்களையும் உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று டால்போட் தாளின் அருகே எழுதிவைத்தார். அந்தத் தாள் இப்போது பிராட்போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கூடத்தில் அந்தச் சாளரத்தின் முன் எப்போதும் கூட்டம் நிற்கும். ஆனால் அது எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இடிக்கப்பட்ட ஆலயத்தின் வடசுவர் அது. சாளரத்துக்கு வெளியே இன்று புல்தரையாக இருக்கும் இடத்தில்தான் கன்னியர் நின்று பாடினார்கள். எலாவும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் நின்றிருந்தால் அந்தச் சுவரில் சாளரம் வைக்க முடிந்திருக்காது. வைத்தாலும் வெயில் வந்திருக்காது. 1835இல் தாளைக் கறுக்கச் செய்த ஒளி, ஒரு ஆலயம் இல்லாமல் போன வெற்றிடத்தின் வழியாகத்தான் வந்தது. புகைப்பட வரலாற்றில் இந்தச் சுவரின் பெயர் ஒருபோதும் வருவதில்லை என்பது எனக்கு வருத்தமே.

டால்போட்டின் பிற்காலப் படங்களில் நான் மிகவும் மதிப்பவை வயலும் தொழுவமும் சார்ந்தவை. 1844 ஏப்ரலில் எடுத்த வைக்கோற்போர்ப் படத்தில், ஏணி சாய்ந்து நிற்க, போரின் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக அறுக்கப்பட்டிருக்கிறது. அதே காலத்தில் எடுத்த இன்னொன்றில் திறந்த கதவின் அருகே ஒரு துடைப்பம். ஆற்றங்கரைப் புல் வைக்கோலாகி, போராகி, அறுத்து எடுக்கப்படும் அந்த வேலை எலா அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து இடைவிடாமல் அதே நிலத்தில் நடந்துவந்த வேலை. மடத்தின் வேளாண்மைக்குப் படமில்லை; அதன் நீட்சிக்கு இருக்கிறது.

1916இல் லேகாக் மறுபடியும் ஒரு பெண்ணின் உடைமையானது. டால்போட்டின் பேத்தி மடில்டா அதை மாமாவிடமிருந்து பெற்றார். 1944இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மடத்தையும் கிராமத்தையும், பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக வழங்கினார். மேக்னா கார்ட்டாவை நாட்டுக்கு அளித்தவரும் அவரே. வாரிசாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை பெற்ற ஒரு பெண், ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் அதைப் பிரிக்காமல் ஒப்படைத்தார் என்பது எலா செய்ததிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. அந்த முடிவால்தான் லேகாக் இன்றும் ஒரே உரிமையின் கீழ் இருக்கும் கிராமமாக நிலைத்திருக்கிறது. வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்போர் இருக்கிறார்கள், பள்ளி இருக்கிறது, புனித சிரியாக் ஆலயத்தில் ஞாயிறு வழிபாடு நடக்கிறது. விடுமுறை நாட்களில் கூட்டம் அவர்களுடைய சாளரங்களுக்குள் எட்டிப் பார்ப்பதுண்டு. அவர்கள் வாழ்வதால்தான் அது ஊர் என்பதை, போகிறவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

போக விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மடத்தின் வாசலிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே. பாலத்தைக் கடந்து முதலில் பௌடன் குன்றின் மீது ஏறுங்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்: ஆற்றின் வளைவு, நடுவில் வீட்டின் புகைபோக்கிகள், அதற்கு அப்பால் கிராமம், அடிவானத்தில் கல் வந்த மேட்டுநிலம். நீர், கல், விறகு, புல் ஆகியவை எந்தெந்தத் திசையிலிருந்து எந்த வழியாக இறங்கி வந்திருக்கும் என்று கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். பிறகு வயல்வழியே ரேபிரிட்ஜ் வரை நடந்து, ஆற்றைக் கடந்து, மேற்குக் கரையோடு திரும்பி, ஓடை தெருவின் குறுக்கே ஓடும் இடத்தில் சிறு கல்பாலத்தின் மேலேறி ஊருக்குள் நுழையலாம். மடத்துக்குள் சென்றதும் மாடிக்குப் போகாமல் முதலில் நடைக்கூடம், சபைக்கூடம், குளிர்காயும் அறை. அவற்றுக்குப் பிறகு தெற்குப் புல்தரையில் நின்று அந்தச் சுவரை வெளிப்புறமிருந்து பாருங்கள். சாளரத்தைக் கடைசியாக உள்ளிருந்து பார்க்கலாம். மார்ச் மாதத்தில் மரங்களின் கீழ் ஊதா நிறக் குரோக்கஸ் பூக்கள் தரையெங்கும் பூத்திருக்கும். கூட்டமும் குறைவாக இருக்கும். மழை தொடர்ந்து பெய்த வாரத்தில் ரேபிரிட்ஜ் வயல்வழி நீரில் மூழ்கியிருக்கக்கூடும் என்பதால், அப்போது குன்றிலிருந்து சாலை வழியாகவே பாலத்துக்குத் திரும்பிவிடுவது பாதுகாப்பானது.